இம்பீரியல் எடை அளவுகளை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவுண்டைக் கிலோவாக்க ஒரு பெருக்கல் போதும், கைபேசியே செய்துவிடும். ஆனாலும் இந்த மாற்றத்தில் பலர் தொடர்ந்து தவறுகிறார்கள். அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு எடைகளும், டன் என்ற ஒரே பெயரில் மூன்று எடைகளும் இன்றும் புழக்கத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். எந்த அவுன்ஸ், எந்த டன் என்று கேட்காமல் கணக்கில் இறங்கினால், பெருக்கல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும். அதனால் கீழே எண்களைச் சொல்லும்போதே, எந்த எண் எங்கே பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இம்பீரியல் எடைகள் என்றால் எவை? ஒன்றுக்கொன்று என்ன உறவு?

இம்பீரியல் என்பது பிரிட்டனில் உருவான அளவு முறை. அதில் அன்றாடப் பொருட்களை எடைபோடும் முறைக்கு அவர்டுபாய்ஸ் என்று பெயர். கிரெய்ன் என்ற மிகச் சிறிய அலகிலிருந்து தொடங்கும் அதன் வரிசை இது:

1 டிராம் = 27.34375 கிரெய்ன்
16 டிராம் = 1 அவுன்ஸ் (437.5 கிரெய்ன்)
16 அவுன்ஸ் = 1 பவுண்டு (7,000 கிரெய்ன்)
14 பவுண்டு = 1 ஸ்டோன்
2 ஸ்டோன் = 1 குவார்ட்டர் (28 பவுண்டு)
4 குவார்ட்டர் = 1 ஹண்ட்ரட்வெயிட் (112 பவுண்டு)
20 ஹண்ட்ரட்வெயிட் = 1 டன் (2,240 பவுண்டு)

16, 14, 2, 4, 20 என்று ஒவ்வொரு படிக்கும் உயரம் வேறு. பத்துபத்தாக ஏறும் மெட்ரிக் முறைக்குப் பழகியவர்களுக்கு இங்கேதான் கால் இடறும். இத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 16, 14, 112, 2,240 ஆகிய நான்கு எண்கள் நினைவில் இருந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பொட்டலங்களில் எல்பி என்று குறித்திருப்பது பவுண்டு, ஓஇசட் என்பது அவுன்ஸ், சிடபிள்யூடி என்பது ஹண்ட்ரட்வெயிட். பழைய தமிழ் நூல்களில் ராத்தல் என்று வந்தால் பவுண்டு என்றும், அந்தர் என்று வந்தால் ஹண்ட்ரட்வெயிட் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பவுண்டு என்பது சரியாக எத்தனை கிலோ?

0.45359237 கிலோகிராம். இது எங்கோ வெட்டி முழுமையாக்கிய எண் இல்லை, வரையறையே இதுதான். 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து இந்த மதிப்பை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன் அமெரிக்கப் பவுண்டும் பிரிட்டிஷ் பவுண்டும் மிக நுண்ணிய அளவில் வேறுபட்டிருந்தன. கடையில் எடை போடுபவருக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. நுட்பமான அளவீட்டு வேலைகளுக்குத்தான் அது தலைவலியாக இருந்தது.

இந்த எண்ணில் ஓர் அழகு உண்டு. 453.59237 கிராமை 7,000ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.06479891 என்று மீதியில்லாமல் முடிகிறது. அதாவது ஒரு கிரெய்ன் சரியாக 64.79891 மில்லிகிராம். அதேபோல் ஒரு அவுன்ஸ் சரியாக 28.349523125 கிராம்.

இன்று பவுண்டுக்கென்று தனியாக ஒரு மூல எடைக்கல் கிடையாது. கிலோகிராம் எதுவோ, அதன் 0.45359237 பங்குதான் பவுண்டு. 2019 மே 20 முதல் கிலோகிராமே பிளாங்க் மாறிலியை (இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்று) அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்படுவதால், பவுண்டும் அதே அடித்தளத்தில் நிற்கிறது.

அப்படியானால் முன்பு எதை வைத்துப் பவுண்டைத் தீர்மானித்தார்கள்?

ஓர் உலோகக் கட்டியை வைத்துத்தான். பிரிட்டனின் 1824ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் இம்பீரியல் முறையை உருவாக்கியபோது, 1758இல் செய்யப்பட்ட ஒரு ட்ராய் பவுண்டுக் கட்டியை மூல அளவாக அறிவித்தது (ட்ராய் என்பது தங்கம், வெள்ளிக்கான தனி எடை முறை; கீழே வருகிறது). 1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது அந்தக் கட்டி அதோடு போய்விட்டது.

மூல அளவு தொலைந்தால் குறிப்பிட்ட கன அளவுள்ள தண்ணீரின் எடையைக் கொண்டு அதை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே வழி சொல்லியிருந்தது. ஆனால் அந்த வழி போதிய துல்லியம் தராது என்று அறிஞர்கள் கருதினார்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த நகல்களை ஒப்பிட்டுப் புதிய பவுண்டை உருவாக்கினார்கள். பிளாட்டினத்தால் செய்த அந்தப் புதிய கட்டி 7,000 கிரெய்ன் கொண்ட அவர்டுபாய்ஸ் பவுண்டு. 1855இல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ட்ராய் பவுண்டு முதலிடத்தை இழந்தது அப்போதுதான்.

பவுண்டும் அவுன்ஸும் கலந்து வந்தால் எப்படிக் கிராமாக்குவது?

முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு ஒரே ஒரு முறை மெட்ரிக்குக்குக் கடந்து போங்கள். இம்பீரியல் எடை எந்த வடிவில் வந்தாலும் நான் பரிந்துரைப்பது இந்த ஒரு வழியைத்தான்.

பிறந்த குழந்தையின் எடை 7 பவுண்டு 5 அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 7 × 16 = 112; அதோடு 5 சேர்த்தால் 117 அவுன்ஸ். 117 × 28.3495 = 3,316.9 கிராம். அதாவது ஏறக்குறைய 3.32 கிலோ.

பவுண்டைத் தனியாகவும் அவுன்ஸைத் தனியாகவும் மாற்றி, இரண்டையும் முழுமையாக்கி, பிறகு கூட்டினாலும் விடைக்கு அருகில் வந்துவிடலாம். ஆனால் முழுமையாக்கும் பிழை இரண்டு இடத்தில் நுழைகிறது. பழைய கணக்குப் பதிவேட்டில் '3 டன் 4 ஹண்ட்ரட்வெயிட் 2 குவார்ட்டர் 10 பவுண்டு' என்பது போன்ற பதிவு வந்தால் பிழை நான்கு இடத்தில் நுழையும். அதையே பவுண்டாக்கினால்: 6,720 + 448 + 56 + 10 = 7,234 பவுண்டு. 0.45359237ஆல் பெருக்கினால் 3,281.29 கிலோ. ஒரே பெருக்கல், முடிந்தது.

7.5 பவுண்டு என்றால் 7 பவுண்டு 5 அவுன்ஸ்தானே?

இல்லை. அரைப் பவுண்டு என்பது 8 அவுன்ஸ். ஆகவே 7.5 பவுண்டு என்றால் 7 பவுண்டு 8 அவுன்ஸ், 3,402 கிராம். மேலே சொன்ன 7 பவுண்டு 5 அவுன்ஸுக்கும் இதற்கும் 85 கிராம் வித்தியாசம். பச்சிளங்குழந்தை எடை கூடுகிறதா என்று வாராவாரம் பார்த்துக் குறிப்பவர்களுக்கு 85 கிராம் சின்ன விஷயமே இல்லை.

ஸ்டோனிலும் இதே சிக்கல் வரும். 11.5 ஸ்டோன் என்றால் 11 ஸ்டோன் 7 பவுண்டு. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பவுண்டாக்க 14ஆலும், பவுண்டில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அவுன்ஸாக்க 16ஆலும் பெருக்க வேண்டும். டிஜிட்டல் தராசு காட்டும் எண் தசமமா, பவுண்டு-அவுன்ஸ் ஜோடியா என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. சில தராசுகள் இரண்டு வகையிலும் காட்டும். பொத்தான் மாறி அழுந்தியிருந்தால் கவனிக்காமலே போய்விடும்.

கிலோவில் இருக்கும் உடல் எடையை ஸ்டோனில் சொல்ல வேண்டும். எப்படி?

ஸ்டோனில் உடல் எடை சொல்வது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இன்றும் சகஜம். அமெரிக்காவில் ஸ்டோன் வழக்கில் இல்லை. அங்கே வெறும் பவுண்டுதான்.

கிலோவை 0.45359237ஆல் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். அதை 14ஆல் வகுத்தால் வரும் முழு எண் ஸ்டோன், மீதி பவுண்டு. 63 கிலோ எடுத்துக்கொள்வோம். அது 138.9 பவுண்டு. 9 × 14 = 126 போக மீதி 12.9. ஆக 9 ஸ்டோன் 13 பவுண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 63.4 கிலோ என்றால் 139.77 பவுண்டு. 126 போக மீதி 13.77. அதை முழுமையாக்கினால் 14 ஆகிவிடும். '9 ஸ்டோன் 14 பவுண்டு' என்று ஒரு எடை கிடையாது. அது 10 ஸ்டோன். நீங்களே நிரல் எழுதுகிறீர்கள் என்றால் முதலில் மொத்தப் பவுண்டை முழுமையாக்கிவிட்டு (140), அதன்பிறகு 14ஆல் வகுங்கள். இந்த வரிசையில் செய்தால் அந்தப் பிழை வராது. சொந்தமாக எழுதிய மாற்றிகளில் அதிகம் எதிர்பார்க்கக்கூடிய பிழை இது. '15 பவுண்டு 16 அவுன்ஸ்' என்ற விடையும் அதே வகைதான்.

மனக்கணக்காகப் போட சுலபமான வழி உண்டா?

உண்டு. கிலோவிலிருந்து பவுண்டுக்கு: இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 70 கிலோ என்றால் 140, அதோடு 14, மொத்தம் 154. உண்மையான விடை 154.3.

பவுண்டிலிருந்து கிலோவுக்கு: பாதியாக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 150 பவுண்டு என்றால் 75, அதில் 7.5 போக 67.5. உண்மையில் 68.04. முதல் வழியை விட இதில் பிழை கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட 0.8 சதவீதம், எப்போதும் குறைவாகவே காட்டும்.

அவுன்ஸுக்கு: 30ஆல் பெருக்கி 5 சதவீதம் கழிக்கலாம். 8 அவுன்ஸ் என்றால் 240 − 12 = 228 கிராம்; உண்மை 226.8. ஸ்டோனுக்கு: ஆறால் பெருக்கி, ஸ்டோன் எண்ணிக்கையின் மூன்றில் ஒரு பங்கைச் சேருங்கள். 12 ஸ்டோன் என்றால் 72 + 4 = 76 கிலோ; உண்மை 76.2. இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரியாது. ஆனால் நான்கிலும் பயன்படுத்த மிகவும் எளிது இதுதான் என்பது என் கருத்து.

பயணப் பெட்டி, உடற்பயிற்சி, பேச்சுவாக்கில் கேட்பது ஆகியவற்றுக்கு இவை போதும். மருந்து, எரிபொருள், பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் போதாது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சொல்லும் அவுன்ஸ் வேறா?

ஆமாம், வேறு. அது ட்ராய் அவுன்ஸ்: 480 கிரெய்ன், 31.1034768 கிராம். சாதாரண அவுன்ஸை விட ஏறக்குறைய 9.7 சதவீதம் அதிகம். உலகச் சந்தையில் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றின் விலையை 'ஒரு அவுன்ஸ் இவ்வளவு' என்று சொன்னால் அது ட்ராய் அவுன்ஸ்தான். பெரும்பாலும் ட்ராய் என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார்கள். அதனால் 28.35ஆல் வகுத்து ஒரு கிராம் விலையைக் கண்டுபிடிப்பவர்கள் உண்மையை விடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதலான விலைக்கு வந்து சேர்கிறார்கள். விலைமதிப்புள்ள பொருளில் பத்து சதவீதம் என்பது பெரிய தொகை.

ட்ராய் முறையின் வரிசை: 24 கிரெய்ன் = 1 பென்னிவெயிட்; 20 பென்னிவெயிட் = 1 ட்ராய் அவுன்ஸ்; 12 ட்ராய் அவுன்ஸ் = 1 ட்ராய் பவுண்டு. கடைசி வரியைக் கவனியுங்கள், 16 அல்ல, 12. அதனால் ட்ராய் பவுண்டு 5,760 கிரெய்ன், அதாவது 373.24 கிராம்தான். சாதாரணப் பவுண்டு 453.59 கிராம். அவுன்ஸ் என்று எடுத்தால் ட்ராய் கனம்; பவுண்டு என்று எடுத்தால் ட்ராய் லேசு. 'ஒரு பவுண்டு தங்கம் கனமா, ஒரு பவுண்டு இறகு கனமா' என்ற விடுகதைக்கு, அந்தந்தப் பொருளுக்குரிய முறையில் எடைபோட்டால், இறகுதான் கனம் என்பது சரியான விடை. அவுன்ஸ் கணக்கில் கேட்டால் தங்கம்.

இரண்டு முறைக்கும் பொதுவாக இருப்பது கிரெய்ன். ட்ராய் கிரெய்னும் அவர்டுபாய்ஸ் கிரெய்னும் ஒன்றேதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் கிரெய்ன் வழியாகப் போவது பாதுகாப்பு. 10 சாதாரண அவுன்ஸ் = 4,375 கிரெய்ன்; அதை 480ஆல் வகுத்தால் 9.115 ட்ராய் அவுன்ஸ். ஒரு கிலோ என்பது 32.1507 ட்ராய் அவுன்ஸ், ஆனால் 35.274 சாதாரண அவுன்ஸ். லண்டன் சந்தையில் ஏற்கப்படும் பெரிய தங்கக் கட்டி 350 முதல் 430 ட்ராய் அவுன்ஸ் தங்கம் கொண்டதாக இருக்க வேண்டும். சுமாராக 400 என்று வைத்தால் 12.44 கிலோ.

ட்ராய் பவுண்டைப் பிரிட்டன் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டது. ட்ராய் அவுன்ஸ் மட்டும் விலைமதிப்புள்ள உலோகங்களுக்காக இன்றுவரை சட்டப்படி நீடிக்கிறது.

ஃப்ளூயிட் அவுன்ஸை எப்படிக் கிராமாக்குவது?

நேரடியாக முடியாது. அது எடையே இல்லை, கொள்ளளவு. இம்பீரியல் ஃப்ளூயிட் அவுன்ஸ் 28.41 மில்லிலிட்டர், அமெரிக்க ஃப்ளூயிட் அவுன்ஸ் 29.57 மில்லிலிட்டர். எடை வேண்டுமானால் அந்தத் திரவத்தின் அடர்த்தியால் பெருக்க வேண்டும்.

இரண்டும் கலந்துபோனதற்குக் காரணம் இருக்கிறது. இம்பீரியல் காலனை முதலில் வரையறுத்ததே 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவு என்றுதான். காலனுக்கு 160 ஃப்ளூயிட் அவுன்ஸ், 10 பவுண்டுக்கு 160 அவுன்ஸ். ஆகவே தண்ணீருக்கு மட்டும் ஒரு ஃப்ளூயிட் அவுன்ஸ் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் எடை. பாதரசத்தில் அதே ஃப்ளூயிட் அவுன்ஸ் பதின்மூன்றரை அவுன்ஸ் எடை வரும்.

டன்னில் எத்தனை வகை? எதை எடுத்துக்கொள்வது?

எடையில் மூன்று.

பிரிட்டிஷ் இம்பீரியல் டன், அதாவது லாங் டன்: 2,240 பவுண்டு, 1,016.05 கிலோ. அமெரிக்க ஷார்ட் டன்: 2,000 பவுண்டு, 907.18 கிலோ. மெட்ரிக் டன்: 1,000 கிலோ, 2,204.6 பவுண்டு.

லாங் டன்னும் மெட்ரிக் டன்னும் ஒன்றரை சதவீதம்தான் விலகுகின்றன. சுமாரான பேச்சுக்கு ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். ஷார்ட் டன்தான் தொல்லை. 500 டன் சரக்கு என்ற ஒப்பந்தத்தை ஒருவர் லாங் டன்னாகவும் இன்னொருவர் ஷார்ட் டன்னாகவும் புரிந்துகொண்டால் 54 மெட்ரிக் டன்னுக்கு மேல் வித்தியாசம் வரும். அமெரிக்காவில் எழுதிய ஆவணத்தில் வெறுமனே டன் என்று இருந்தால் 2,000 பவுண்டு என்று கொள்ளலாம். பழைய பிரிட்டிஷ் ஆவணமானால் 2,240. வேறு எங்கானாலும் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தவிர்த்தவர்களும் உண்டு. போர்க்கப்பல்களின் அளவைக் கட்டுப்படுத்திய 1922ஆம் ஆண்டு வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம், டன் என்றால் 2,240 பவுண்டு, 1,016 கிலோ என்று தன் வாசகத்திலேயே எழுதிவைத்தது. ஆகவே அதில் வரும் 35,000 டன் உச்சவரம்பை 35,560 மெட்ரிக் டன் என்று தயக்கமில்லாமல் மாற்றலாம். ஒப்பந்தம் எழுதும் எவரும் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது.

கப்பல்களுக்குச் சொல்லும் 'கிராஸ் டன்னேஜ்' எடை அல்ல, உட்புறக் கன அளவிலிருந்து வரும் எண். அதைக் கிலோவாக்க முயலாதீர்கள்.

ஹண்ட்ரட்வெயிட் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் 112 பவுண்டு?

எட்டு ஸ்டோன் சேர்ந்தது ஒரு ஹண்ட்ரட்வெயிட். ஸ்டோன் 14 பவுண்டு என்றால் 8 × 14 = 112. முற்காலத்தில் எடைபோடும் பொருளுக்கு ஏற்ப ஸ்டோனின் அளவே மாறும். 1835ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம்தான் ஸ்டோனுக்கு 14 பவுண்டு என்றும் ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 112 பவுண்டு என்றும் ஒரே அளவாக நிலைப்படுத்தியது. ஆகவே அதற்கு முந்தைய ஆவணங்களில் ஸ்டோன் என்று பார்த்தவுடன் 6.35ஆல் பெருக்கிவிடாதீர்கள்; எந்தப் பொருள், எந்த ஊர் என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்க ஹண்ட்ரட்வெயிட் பெயருக்கேற்ப 100 பவுண்டுதான், 45.36 கிலோ. பிரிட்டிஷ் அளவு 50.80 கிலோ. இருபது ஹண்ட்ரட்வெயிட் ஒரு டன் என்பது இரண்டு நாட்டுக்கும் பொது. லாங் டன்னும் ஷார்ட் டன்னும் பிரிந்தது இதனால்தான்.

கிரெய்ன், டிராம், ஸ்க்ரூபிள் இவையெல்லாம் இன்னும் தேவைப்படுமா?

கிரெய்ன் தேவைப்படும். துப்பாக்கிக் குண்டு, வெடிமருந்து, வில்வித்தை அம்பு ஆகியவற்றின் எடையை இன்றும் கிரெய்னில் சொல்கிறார்கள். 124 கிரெய்ன் குண்டு என்றால் 8.04 கிராம்.

டிராமும் ஸ்க்ரூபிளும் பழைய மருந்துக் குறிப்புகளில் வரும். மருந்தாளுநர் முறையில் 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூபிள், 3 ஸ்க்ரூபிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். இந்த டிராம் 60 கிரெய்ன் (3.89 கிராம்), மேலே முதல் பட்டியலில் உள்ள டிராம் 27.34 கிரெய்ன் (1.77 கிராம்). பெயர் ஒன்று, எடை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மருந்தைப் பொறுத்தவரை கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும்: மாற்றம் செய்து மருந்து எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஜிஆர் என்று சுருக்கினால் கிரெய்ன், ஜி என்று சுருக்கினால் கிராம். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் அளவு 15 மடங்கு தவறும். ஒரு கிரெய்னைச் சில மருந்துகளில் 60 மில்லிகிராம் என்றும் வேறு சிலவற்றில் 65 என்றும் முழுமையாக்கும் வழக்கமும் இருக்கிறது. அட்டையில் மில்லிகிராமில் உள்ள எண்தான் செல்லும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

குழந்தையின் எடையைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற மருந்து, 44 பவுண்டு எடையுள்ள குழந்தைக்கு (சுமார் 20 கிலோ) 100 மில்லிகிராம் ஆகும். 44ஐக் கிலோ என்று யாராவது எழுதிவிட்டால் அதுவே 220 மில்லிகிராம் ஆகிவிடும். எண்ணோடு அலகையும் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்படிக் குழம்பியதால் உண்மையில் விபத்து நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், ஒரு போயிங் 767, மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போய்க்கொண்டிருந்தது. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் தொட்டியில் கோல் விட்டு லிட்டரில் அளந்து, அதை எடையாக மாற்றினார்கள்.

பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். அதை 1.77ஆல் பெருக்கி 13,597 'கிலோ' இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். கிலோவுக்கு 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும்; அப்போது கையிருப்பு 6,169 கிலோ மட்டுமே என்று தெரிந்திருக்கும். இருபதாயிரம் லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர்தான் நிரப்பினார்கள்.

நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. இயந்திரமில்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகிய தலைமை விமானி ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் விமானத்தை அப்படியே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரில் யாரும் இறக்கவில்லை.

இதில் பெருக்கல், கழித்தல் எல்லாமே சரி. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய அலகு மட்டும் இல்லை. '1.77 பவுண்டு/லிட்டர்' என்று முழுதாக எழுதியிருந்தால், அதிலிருந்து கிலோ வராது என்று தாளிலேயே தெரிந்திருக்கும். கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பவுண்டு என்பது எடையா, விசையா?

இரண்டுக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பேசுவது நிறையைக் குறிக்கும் பவுண்டு. பொறியியலில் பவுண்டு-விசை என்று தனியாக உண்டு: 4.448 நியூட்டன். டயர் காற்றழுத்தத்தில் வரும் பிஎஸ்ஐ இந்த விசைப் பவுண்டைக் கொண்டது; அதை 0.4536ஆல் பெருக்கக் கூடாது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்ததற்கு, ஒரு மென்பொருள் பவுண்டு-விசையில் தந்த எண்களை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

'20 பவுண்டு' தாள் என்றால் எத்தனை கிராம்?

அமெரிக்கத் தாள் கணக்கில் பவுண்டு என்பது வெட்டப்படாத பெரிய தாள்கள் 500 சேர்ந்த எடை. அந்தப் பெரிய தாளின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். அதனால் '80 பவுண்டு' டெக்ஸ்ட் ரகத் தாள் சதுர மீட்டருக்கு 118 கிராம். '80 பவுண்டு' கவர் ரகம் 216 கிராம். நீங்கள் கேட்ட 20 பவுண்டு பாண்ட் தாள் 75 கிராம். அட்டவணையைப் பார்க்காமல் இதை மாற்ற வழியில்லை.

எத்தனை தசம இடம் வரை எழுதுவது?

மூல எடை எவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டதோ அவ்வளவுதான். 'சுமார் 10 பவுண்டு' என்று சொன்னதை 4.5359237 கிலோ என்று எழுதினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறோம். நாலரைக் கிலோ என்பதே நேர்மையான விடை.

ஆனால் கணக்கின் நடுவில் முழுமையாக்காதீர்கள். அவுன்ஸுக்கு 28 கிராம் என்று வைத்து 100 பவுண்டைக் கணக்கிட்டால் 559 கிராம் காணாமல் போகும். கணக்கு முடியும்வரை முழு எண்ணையும் வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை முழுமையாக்குங்கள்.

விளையாட்டு விதிகளில் இது எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது சுவாரசியம். ஆண்கள் குண்டு எறிதலில் குண்டின் எடை 7.26 கிலோ, அந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் அது பழைய 16 பவுண்டு (7.257) என்பதுதான். கிரிக்கெட் பந்து ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் அவுன்ஸ் வரை இருக்கலாம். விதிப்புத்தகம் அதை 155.9 முதல் 163 கிராம் என்று தருகிறது. பளுதூக்கும் கூடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 45 பவுண்டு தட்டும் 20 கிலோ தட்டும் ஒன்றல்ல, 45 பவுண்டு என்பது 20.41 கிலோ. நான்கு தட்டு மாட்டினால் 1.6 கிலோவுக்கு மேல் விலகும்.

விரிதாள் மென்பொருளில் மாற்றினால் போதாதா?

போதும். எக்செலில் கன்வெர்ட் என்ற சார்பு இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அதில் வெறுமனே டன் என்று கொடுத்தால் 2,000 பவுண்டு ஷார்ட் டன்னாக எடுத்துக்கொள்ளும். ஹண்ட்ரட்வெயிட்டும் அப்படியே, 100 பவுண்டு. பிரிட்டிஷ் அளவுகளுக்குத் தனிக் குறியீடு உண்டு. இணைய மாற்றிகளிலும் முதலில் '1 டன்' கொடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்: 907ஆ, 1,000மா, 1,016ஆ. அந்த மாற்றி எந்த டன்னைச் சொல்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அவுன்ஸுக்கும் இதையே செய்யலாம், 28.35 வந்தால் சாதாரணம், 31.10 வந்தால் ட்ராய்.

விடை சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் திசையைப் பாருங்கள். ஒரே பொருளைக் கிலோவில் சொன்னால் வரும் எண், பவுண்டில் வரும் எண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். விமானத்தில் அனுமதிக்கும் 23 கிலோ பெட்டியை 50 பவுண்டு என்றும், 32 கிலோ பெட்டியை 70 பவுண்டு என்றும் குறிப்பார்கள். இந்த இரண்டு ஜோடியும் நினைவில் இருந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டோமா என்பது உடனே தெரியும்.

பிறகு விடையை எடுத்துத் திருப்பி மாற்றுங்கள். ஆரம்பித்த எண்ணுக்கு வந்து சேர்ந்தால் கணக்கு சரி. ஆனால் தவறான டன்னையோ அவுன்ஸையோ எடுத்திருந்தாலும் திருப்பி மாற்றும்போது அதே எண் வந்துவிடும். அந்தத் தவறைப் பிடிக்க மூல ஆவணத்துக்குப் போய், யார் எழுதியது, எந்த நாடு, என்ன பொருள் என்று பார்ப்பதுதான் வழி.